டிரம் தொகுதி மரங்கள்

டிரம் தொகுதி மரங்கள் என்பவை, மேற்கத்திய இசையில் பயன்படும் டிரம் தொகுதியின் உருளை வடிவ உடல்களைச் செய்யப் பயன்படும் மர வகைகள் ஆகும். மேப்பிள், பிர்ச், பீச், மகாகனி, ஓக், வால்நட், புபிங்கா ஆகியன இவற்றுள் முதன்மையானவை. உயர்விலைத் தொகுதிகளைச் செய்யும் நிறுவனங்கள் பலவும் தம் வரிசைகளுக்கு மரத்தின் பெயரையே இடுகின்றன. இதனால் எந்த மரத்தைத் தெரிவு செய்வது என்பதே வாங்குவோர் முன் எழும் முதல் கேள்வியாக உள்ளது.

மர வகை ஒலியை ஓரளவு மாற்றுகிறது. எனினும் தோல், சுருதி, கூட்டின் அளவு, தடிமன், விளிம்பின் வடிவம், வாசிக்கும் அறை ஆகியவை பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக ஒலியை மாற்றுகின்றன. ஓர் உயர்விலைத் தொகுதியின் விலை பல ஆயிரம் அமெரிக்க டாலர் ஆகும். மேலும், இத்துறை விரும்பிப் பயன்படுத்திய வெப்பமண்டல மரங்கள் சில இன்று பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் உள்ளன. எனவே மரத்தால் விளையும் வேறுபாடு எது, பிற காரணங்களால் விளையும் வேறுபாடு எது என்று பிரித்து அறிவது பயனுள்ளதாகும்.

மரக்கூட்டின் பணி

ஒரு டிரம்மில் ஒலியை முதன்மையாக எழுப்புவது தோல் ஆகும். இன்று இது பெரும்பாலும் நெகிழிப் படலமாக இருந்தாலும் தோல் என்றே வழங்கப்படுகிறது. இழுத்துக் கட்டிய வட்டத் தோலின் அடிப்படை அதிர்வெண்ணை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: விட்டம், இழுவிசை, ஓரலகுப் பரப்பின் நிறை. விட்டம் கூடினால் அதிர்வெண் குறையும். இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும். தடித்த தோல் மெல்லிய தோலைவிடக் குறைந்த அதிர்வெண்ணில் அதிரும். இம்மூன்றிலும் மர வகைக்கு இடமில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சீரான வட்டத் தோலின் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகளாக அமைவதில்லை. அவை 1.59, 2.14, 2.30 என்ற மடங்குகளில் தொடர்கின்றன. இதனாலேயே டிரம்மில் வீணையின் தந்தியைப் போலத் தெளிவான சுரம் கேட்பதில்லை. மிருதங்கத்தில் தெளிவான சுரம் கேட்பதற்குத் தோலின் நடுவில் இடப்படும் கரிய பூச்சே காரணம் என்பதைச் சி. வி. இராமன் தம் ஆய்வுகளில் விளக்கினார். ஒலியின் தன்மையைத் தோல் எந்த அளவிற்குத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

மரக்கூடு செய்யும் பணிகள் பின்வருமாறு:

- தோலின் இழுவிசையைத் தாங்கி, அதன் ஓரத்தை வட்டமாகவும் சமதளமாகவும் நிலைநிறுத்துகிறது.
- மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் இடையே காற்றை அடைத்து வைக்கிறது. இக்காற்றின் வழியாகவே இரு தோல்களும் ஒன்றையொன்று அதிரச் செய்கின்றன.
- தோலிலிருந்து ஓரளவு ஆற்றலைப் பெற்றுத் தானும் அதிர்கிறது. இவ்வாறு பெறும் ஆற்றலின் அளவைப் பொறுத்து ஒலியின் நீட்சியும், சில அதிர்வெண்களின் வலிமையும் மாறுகின்றன.

மர வகையின் தாக்கம் பெரும்பாலும் மூன்றாவது பணியிலேயே வெளிப்படுகிறது. கூட்டின் நிறையும் விறைப்பும் கூடினால் அது தோலிலிருந்து குறைவான ஆற்றலையே பெறும். நிறையும் விறைப்பும் குறைந்தால் அது எளிதில் அதிர்ந்து ஆற்றலை உள்வாங்கும்.

கூடு செய்யும் முறைகள்

மிருதங்கம், தவில் போன்றவற்றின் கட்டை ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்யப்படுகிறது. டிரம் தொகுதியின் கூடுகள் பொதுவாக அவ்வாறு செய்யப்படுவதில்லை. அவற்றைச் செய்ய மூன்று முறைகள் உள்ளன.

அடுக்கு முறை: மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அச்சில் வைத்து அழுத்தி உருளையாக்குவது. உயர்விலைத் தொகுதிகளில் பெரும்பாலானவை இம்முறையிலேயே செய்யப்படுகின்றன. அடுத்தடுத்த அடுக்குகளின் இழைகளைக் குறுக்காக அமைப்பதால் ஈரப்பதம் மாறும்போது கூடு எளிதில் கோணுவதில்லை.

ஆவி வளைப்பு முறை: ஒரே பலகையை நீராவியில் மென்மையாக்கி வட்டமாக வளைத்து ஒட்டுவது. 1930களில் ஸ்லிங்கர்லாண்ட் நிறுவனம் செய்த ரேடியோ கிங் ஸ்னேர் டிரம் இம்முறைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பின்னாளில் ஜானி கிராவியாட்டோ (இறப்பு: 2016) இம்முறையில் முழுத் தொகுதிகளையும் செய்து பெயர் பெற்றார்.

பட்டிகை முறை: பீப்பாய் செய்வதைப் போல மரப்பட்டிகைகளை நெடுக்காக அடுக்கி ஒட்டி, பின்னர் கடைந்து வட்டமாக்குவது. ஆத்திரேலியாவின் ஜாரா போன்ற வளைப்பதற்குக் கடினமான மரங்களுக்கு இம்முறை ஏற்றது.

மரத்தின் விறைப்பு இழையோட்டத்தின் திசையில் மிகுதியாகவும் அதற்குக் குறுக்காகக் குறைவாகவும் இருக்கும். மேப்பிள், பிர்ச் ஆகியவற்றில் இவ்வேறுபாடு 10 மடங்குக்கும் மேற்பட்டது. ஆகவே ஒரே மரத்தில், ஒரே தடிமனில், அடுக்குகளின் இழைத்திசையை மட்டும் மாற்றினாலே கூட்டின் இயல்பு மாறிவிடும். அமெரிக்காவின் டிரம் ஒர்க்ஷாப் நிறுவனம் இழைகளை நெடுக்காகவும் சாய்வாகவும் அமைத்து வெவ்வேறு சுருதியுடைய மேப்பிள் கூடுகளைச் செய்கிறது. மேப்பிள் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் இரு தொகுதிகள் ஒரே கூட்டமைப்பு உடையவை எனக் கொள்ள இயலாது என்பதை இது காட்டுகிறது.

வரலாறு

தொடக்ககால நிறுவனங்கள் தம் நாட்டில் எளிதில் கிடைத்த மரங்களையே மிகுதியும் பயன்படுத்தின. மேப்பிளும் பாப்லரும் வட அமெரிக்கக் காடுகளில் விளைபவை. பீச் மரம் ஜெர்மனியின் காடுகளில் மிகுதியாக உள்ளது. 1875 இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனிக்கு இடம் பெயர்ந்த சோனர் நிறுவனம் பீச் மரக் கூடுகளுக்குப் பெயர் பெற்றது.

1883 இல் புரூக்ளினில் தொடங்கப்பட்ட கிரெட்ச் நிறுவனமும், 1909 இல் சிக்காகோவில் தொடங்கப்பட்ட லட்விக் நிறுவனமும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க இசைக்கலைஞர்களிடையே பெரிதும் விரும்பப்பட்டன. கிரெட்ச் நிறுவனத்தின் தொகுதிகளை மாக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ் போன்ற ஜாஸ் கலைஞர்கள் வாசித்தனர். மேப்பிளும் கம் மரமும் கலந்த ஆறடுக்குக் கூடு இந்நிறுவனத்தின் அடையாளமாயிற்று. லட்விக் நிறுவனம் மூன்று அடுக்குகள் கொண்ட மெல்லிய கூடுகளைச் செய்து, அவற்றின் இரு ஓரங்களிலும் வலுவூட்டும் மர வளையங்களை ஒட்டியது. இக்கூடுகளின் நடு அடுக்கு பாப்லர் மரத்தாலானது.

பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் 1963 முதல் லட்விக் தொகுதியை வாசித்தார். 1964 பெப்ரவரி 9 அன்று இக்குழு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சலிவன் நிகழ்ச்சியில் தோன்றிய பின் அந்நிறுவனத்தின் விற்பனை பெருகியது. மென்மையான, விலை குறைந்த மரமாகிய பாப்லரை நடுவில் கொண்ட அக்காலத்துக் கூடுகள் இன்று பெருவிலைக்கு விற்கப்படும் பழம்பொருள்களாக உள்ளன.

1950களின் பிற்பகுதி வரை டிரம்களுக்குக் கன்றுத் தோலே பயன்பட்டது. ஈரமான நாளில் தளர்ந்தும் வறண்ட நாளில் இறுகியும் போவது அதன் குறை. 1957 இல் ரீமோ பெல்லி தொடங்கிய நிறுவனம் பாலியெசுட்டர் படலத்தாலான தோலைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. டிரம் ஒலியின் வரலாற்றில் எந்த மர மாற்றத்தையும்விட இம்மாற்றம் பெரியது எனலாம்.

1970களில் யப்பானின் யமாகா நிறுவனம் பிர்ச் மரத் தொகுதியை வெளியிட்டது. பின்னர் ரெக்கார்டிங் கஸ்டம் எனப் பெயர் பெற்ற இவ்வரிசை, ஸ்டீவ் காட் போன்ற கலைஞர்கள் வழியாக ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவியது. 1972 இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட டிரம் ஒர்க்ஷாப் நிறுவனம், ஒவ்வொரு கூட்டையும் தட்டிப் பார்த்து, அதன் சுருதியை உட்புறத்தில் குறித்து, பொருந்தும் கூடுகளை ஒரே தொகுதியில் சேர்க்கும் முறையைப் புகழ்பெறச் செய்தது. இந்நிறுவனத்தை 2022 இல் யப்பானின் ரோலண்ட் நிறுவனம் வாங்கியது.

இருபத்தோராம் நூற்றாண்டில் பல மரங்களைக் கலக்கும் முறை வளர்ந்தது. பேர்ல் நிறுவனத்தின் ரெபரன்ஸ் வரிசையில் டிரம்மின் அளவிற்கேற்ப மர அடுக்குகளும் விளிம்பின் வடிவமும் மாற்றப்பட்டன. யமாகாவின் அப்சலூட் ஹைபிரிட் மேப்பிள் வரிசையில் மேப்பிள் அடுக்குகளுக்கு நடுவில் வெங்கே என்ற ஆப்பிரிக்க மரத்தின் அடுக்கு ஒன்று வைக்கப்பட்டது.

முதன்மையான மரங்கள்

கீழே தரப்படும் ஒலி இயல்புகள் இசைக்கலைஞர்களும் நிறுவனங்களும் வழக்கமாகக் கூறுபவை ஆகும். இவற்றைப் பொதுவான போக்குகளாக மட்டுமே கொள்ள வேண்டும்.

மேப்பிள்: இத்துறையில் மிகப் பரவலாகப் பயன்படும் மரம். தாழ், நடு, உயர் அதிர்வெண்கள் சமநிலையில் ஒலிப்பதாகவும் தாழ் அதிர்வெண்கள் சற்று மேலோங்குவதாகவும் கூறுவர். பல வகை இசைக்கும் பொருந்துவது.

பிர்ச்: பூர்ச்ச மரம் எனவும் வழங்கும். நடு அதிர்வெண்கள் அடங்கி, உயர் அதிர்வெண்களும் அடித்தவுடன் எழும் கூர்மையான ஒலியும் மேலோங்குவதாகக் கூறுவர். ஒலி விரைவில் அடங்குவதால் ஒலிவாங்கிகளுக்கு ஏற்றது என்பது பரவலான கருத்து.

பீச்: பீச் பழம் தரும் மரத்திலிருந்து இது வேறுபட்டது. மேப்பிளுக்கும் பிர்ச்சுக்கும் இடைப்பட்ட ஒலி உடையது என்பர். ஐரோப்பியத் தொகுதிகளில் மிகுதியாகக் காணப்படுகிறது.

மகாகனி: தாழ் அதிர்வெண்கள் நிறைந்த, கூர்மை குறைந்த ஒலி தருவது என்பர். 1950கள், 1960களின் ஒலியை விரும்புவோர் இதனைத் தேடுகின்றனர். 1970களில் யப்பானிய நிறுவனங்கள் பிலிப்பைன் மகாகனி என்ற பெயரில் பயன்படுத்திய இலவான் மரம், தாவரவியல்படி மகாகனிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

ஓக்: கருவாலி எனவும் வழங்கும். உரத்த, கூர்மையான ஒலி உடையது என்பர். மரத்தின் நுண்துளைகள் பெரியவை ஆதலால் உட்புறத்தை நன்கு மெருகிட வேண்டும்.

வால்நட்: அக்ரூட் எனவும் வழங்கும். மேப்பிளைவிட மென்மையானது. தாழ் அதிர்வெண்கள் நிறைந்த, மேலதிர்வுகள் அடங்கிய ஒலி உடையது என்பர்.

புபிங்கா: நடு ஆப்பிரிக்காவில் விளையும் கனமான மரம். பெரிய உரப்பும் ஆழ்ந்த தாழொலியும் உடையது என்பர். 2000களில் தாமா நிறுவனத்தின் ஸ்டார்கிளாசிக் வரிசை வழியாகப் புகழ் பெற்றது.

எண்களில் ஒப்பீடு

உலர்ந்த மரத்தின் சராசரி அடர்த்தியும், இழைத்திசையில் அதன் யங் குணகமும் கீழே தரப்பட்டுள்ளன. அடர்த்தி ஒரு கன மீட்டருக்குக் கிலோகிராமிலும், யங் குணகம் கிகாபாஸ்கலிலும் உள்ளன. மரம் இயற்கைப் பொருள் ஆதலால் இம்மதிப்புகள் மரத்துக்கு மரம் மாறக்கூடியவை.

- சர்க்கரை மேப்பிள்: 705, 12.6
- மஞ்சள் பிர்ச்: 690, 13.9
- ஐரோப்பியப் பீச்: 710, 14.3
- வெள்ளை ஓக்: 755, 12.2
- கறுப்பு வால்நட்: 610, 11.6
- அமெரிக்க மகாகனி: 590; 10.1
- புபிங்கா: 890, 18.4
- மஞ்சள் பாப்லர்: 455, 10.9

இவற்றிலிருந்து ஓர் எளிய கணக்கைச் செய்து பார்க்கலாம். 12 அங்குல விட்டமும் 8 அங்குல ஆழமும் 6 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு டாம் டிரம்மின் கூட்டை எடுத்துக்கொள்வோம். அதன் மரத்தின் கன அளவு ஏறத்தாழ 1,170 கன சென்டிமீட்டர். அது மேப்பிளானால் நிறை ஏறத்தாழ 825 கிராம். பிர்ச்சானால் ஏறத்தாழ 807 கிராம். வேறுபாடு 18 கிராம் மட்டுமே. அதே மேப்பிள் கூட்டின் தடிமனை அரை மில்லிமீட்டர் கூட்டினால் நிறை ஏறத்தாழ 70 கிராம் கூடும். அதாவது மரத்தை மாற்றுவதால் ஏற்படும் நிறை வேறுபாட்டைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாட்டை அரை மில்லிமீட்டர் தடிமன் உண்டாக்குகிறது.

விறைப்பிலும் இவ்வாறே. தகடொன்றின் வளைவு விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் கூடும். மஞ்சள் பிர்ச்சின் யங் குணகம் சர்க்கரை மேப்பிளினுடையதைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதல். ஆனால் மேப்பிள் கூட்டின் தடிமனை 6 மில்லிமீட்டரிலிருந்து 6.2 மில்லிமீட்டராகக் கூட்டினாலே அந்த 10 விழுக்காடு ஈடாகிவிடும்.

மேப்பிள், பிர்ச், பீச் ஆகிய மூன்றும் இயற்பியல் அளவில் மிக நெருங்கியவை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஒரு மேப்பிள் தொகுதிக்கும் ஒரு பிர்ச் தொகுதிக்கும் இடையே பெரிய வேறுபாடு கேட்டால், தடிமன், அடுக்கமைப்பு, விளிம்பு, தோல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வேறுபட்டிருக்க வாய்ப்பு மிகுதி. மாறாக, மகாகனிக்கும் புபிங்காவுக்கும் இடையே அடர்த்தியில் 50 விழுக்காடும், யங் குணகத்தில் 80 விழுக்காட்டுக்கு மேலும் வேறுபாடு உள்ளது. இத்தகைய இணைகளில் மரத்தின் தாக்கத்தை எதிர்பார்ப்பதற்கு அடிப்படை உண்டு. அடர்த்தியும் விறைப்பும் நெருங்கிய மரங்களிடையே, அதிர்வை வெப்பமாக மாற்றி அடக்கும் திறனில் வேறுபாடு இருக்கலாம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மரத்தைத் தவிர்ந்த காரணிகள்

தாங்கு விளிம்பு: தோல் கூட்டின்மீது அமரும் ஓரம் தாங்கு விளிம்பு எனப்படும். 45 பாகைக் கோணத்தில் கூராக வெட்டப்பட்ட விளிம்பைத் தோல் குறைந்த பரப்பிலேயே தொடும். ஒலி தெளிவாகவும் நீண்டும் ஒலிக்கும். 30 பாகை விளிம்பும், உருட்டிய விளிம்பும் தோலைக் கூடுதலான பரப்பில் தொட்டு மேலதிர்வுகளை அடக்கும். பழைய டிரம்களின் ஒலி மகாகனியால் வந்தது என்று கூறப்படுவதில் ஒரு பகுதி, அவற்றின் உருட்டிய விளிம்பால் வந்ததாகலாம்.

தோலும் சுருதியும்: ஓரடுக்குத் தோல், ஈரடுக்குத் தோல், சொரசொரப்பான பூச்சுடைய தோல் ஆகியவை ஒரே டிரம்மில் மிக வேறுபட்ட ஒலிகளைத் தரும். மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் இடையிலான சுருதி வேறுபாடு ஒலியின் நீட்சியை மாற்றும்.

வளையமும் பொருத்தும் முறையும்: தோலை இறுக்கும் வளையம் வார்ப்பு உலோகமானால் டிரம் விறைப்பாகும், வளைத்த தகடானால் நெகிழும். டாம் டிரம்மைக் கூட்டில் துளையிட்டுத் தாங்குவதைவிட, வளையத்திலிருந்து தொங்கவிட்டால் ஒலி கூடுதலாக நீடிக்கும் என்பர்.

கூட்டின் பொருள் மரமே அல்லாத நிலை: லெட் செப்பலின் குழுவின் ஜான் போனம் வாசித்த தொகுதிகளுள் ஒன்று, லட்விக் நிறுவனம் 1972 இல் அறிமுகப்படுத்திய விஸ்டாலைட் என்ற ஒளிபுகும் அக்ரிலிக் தொகுதி ஆகும். அவர் விரும்பி வாசித்த லட்விக் சுப்ராபோனிக் ஸ்னேர் டிரம்மின் கூடு அலுமினியக் கலவையால் ஆனது. ராக் இசையில் மிகுதியாகப் போற்றப்படும் டிரம் ஒலிகளுள் ஒரு பகுதி மரமே இல்லாத கூடுகளிலிருந்து எழுந்தது.

அறை: அதே குழுவின் "வென் தி லெவி பிரேக்ஸ்" பாடலின் (1971) டிரம் ஒலி, இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் உயரமான படிக்கட்டுக் கூடத்தில் பதிவு செய்யப்பட்டது. ஒலிவாங்கிகள் டிரம்மிற்கு அருகில் வைக்கப்படாமல் மேலே தொங்கவிடப்பட்டன. அந்த ஒலியின் பேருருவிற்குப் படிக்கட்டுக் கூடத்தின் எதிரொலியே பெருங்காரணம்.

உயர்விலைக்கான காரணங்கள்

இடைவிலைத் தொகுதிக்கும் உயர்விலைத் தொகுதிக்கும் மரத்தின் பெயர் ஒன்றாக இருக்கலாம். விலை வேறுபாட்டிற்குப் பெரும்பாலும் பின்வருவன காரணமாகின்றன:

- கூடு உண்மையான வட்டமாகவும், தாங்கு விளிம்பு சமதளமாகவும் இருத்தல். இவை பிழைபட்டால் தோலைச் சீராகச் சுருதி சேர்க்க இயலாது.
- அடுக்குகளுக்கிடையே வெற்றிடமில்லாத ஒட்டு.
- இழைகள் நழுவாத திருகாணிகள், உறுதியான தாங்கிகள் போன்ற உலோக உறுப்புகளின் தரம்.
- அரிய மரத்தாலான வெளி அடுக்கு, கையால் இட்ட மெருகு போன்ற தோற்ற வேலைப்பாடுகள்.
- வாங்குபவர் விரும்பும் அளவிலும் நிறத்திலும் தனியே செய்து தருதல்.

முதல் மூன்றும் வாசிப்பவருக்கு நேரடியாகப் பயன் தருபவை. நான்காவது கண்ணுக்கு விருந்தாவதே தவிர, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அலங்கார அடுக்கொன்று ஒலியைப் பெரிதாக மாற்றும் என எதிர்பார்க்க இயலாது. ஒரு தொகுதியின் பெயரிலுள்ள மரம் முழுக் கூட்டிற்கும் உரியதா, வெளி அடுக்கிற்கு மட்டும் உரியதா என்பதை வாங்கும் முன் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அருகிவரும் மரங்களும் சட்டமும்

அழிவாய்ப்புக்குள்ளான உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை, இசைக்கருவி மரங்கள் பலவற்றையும் உள்ளடக்குகிறது. இதன் இரண்டாம் பட்டியலில் உள்ள மரங்களை விற்பதற்குத் தடை இல்லை. ஆனால் நாடு விட்டு நாடு அனுப்ப உரிய அனுமதிச் சான்று வேண்டும்.

நடு, தென் அமெரிக்காவில் இயற்கையாக வளரும் பெரிய இலை மகாகனி 2003 முதல் இப்பட்டியலில் உள்ளது. புபிங்கா என விற்கப்படும் குய்போர்ட்டியா பேரினத்தின் மூன்று இனங்கள் 2017 சனவரி 2 முதல் சேர்க்கப்பட்டன. அதே நாளில் ஈட்டி மரத்தை உள்ளடக்கிய டால்பெர்சியா பேரினம் முழுவதும் கட்டுப்பாட்டின் கீழ் வந்தது. தளபாடங்களுக்காகச் சட்டவிரோதமாக மரங்கள் வெட்டப்படுவதே இதற்குப் பெருங்காரணம். எனினும் இசைக்கருவிகளுக்கும் கட்டுப்பாடு பொருந்தியது. இதனால் வெளிநாடுகளுக்கு விற்பனை செய்வதும், இசைக்கலைஞர்கள் கருவிகளை எடுத்துச் செல்வதும் சிக்கலாயின.

2019 இல் ஜெனீவாவில் நடைபெற்ற மாநாட்டில் முழுமை பெற்ற இசைக்கருவிகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. இது 2019 நவம்பர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் மரத்தையும் மரத் தகடுகளையும் வாங்கிக் கருவி செய்யும் நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு தொடர்கிறது. ஆப்பிரிக்க மகாகனி எனப்படும் காயா பேரினத்தின் ஆப்பிரிக்க மரங்களும் 2022 மாநாட்டின் முடிவின்படி 2023 இல் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன.

மேப்பிள், பிர்ச், பீச், ஓக், வால்நட் போன்ற மிதவெப்ப மண்டல மரங்கள் இத்தகைய சிக்கலுக்கு உள்ளாகவில்லை. முன்பு கூறிய காரணிகளைக் கொண்டு இம்மரங்களிலேயே பலதரப்பட்ட ஒலிகளைப் பெற இயலும் என்பதால், ஒலிக்காக மட்டும் அரிய மரத்தை நாட வேண்டிய தேவை குறைவு.

தெரிவு செய்யும் முறை

இரு தொகுதிகளை ஒப்பிடும்போது ஒரே நேரத்தில் ஒரே காரணியை மட்டும் மாற்றுவது அறிவியல் முறை ஆகும். கடைகளில் ஒரு தொகுதியில் புதிய தோலும் மற்றொன்றில் தேய்ந்த தோலும் இருப்பதுண்டு. அந்நிலையில் கேட்கும் வேறுபாட்டை மரத்தின் மீது ஏற்றிக் கூறுவது பிழையாகும். விளம்பர ஒளிப்பதிவுகளிலும் ஒலிவாங்கி, அறை, ஒலித்திருத்தம் ஆகியன வேறுபடக்கூடும். பின்வரும் ஒழுங்கு பயனுள்ளது:

1. முதலில் அளவுகளை முடிவு செய்தல். சிறிய அரங்குகளுக்கும் ஜாஸ் இசைக்கும் 18 அல்லது 20 அங்குல பேஸ் டிரம்மும், பொதுப் பயனுக்கும் ராக் இசைக்கும் 22 அல்லது அதனினும் பெரிய பேஸ் டிரம்மும் வழக்கத்தில் உள்ளன. மேப்பிளிலிருந்து பிர்ச்சுக்கு மாறுவதைவிட, 22 அங்குலத்திலிருந்து 20 அங்குலத்திற்கு மாறுவது ஒலியைக் கூடுதலாக மாற்றும்.
2. அடுத்துக் கூட்டின் தடிமனையும் விளிம்பின் வடிவத்தையும் பார்த்தல். மெல்லிய கூடும் உருட்டிய விளிம்பும் அடங்கிய ஒலிக்கும், தடித்த கூடும் கூரான விளிம்பும் உரத்த, தெளிவான ஒலிக்கும் பொருந்தும்.
3. ஒரே அளவு, ஒரே வகைப் புதிய தோல், ஒரே சுருதி, ஒரே இடம் என வைத்து ஒப்பிடுதல்.
4. வேறொருவர் வாசிக்க, சில அடி தொலைவில் திரும்பி நின்று, எது எந்த மரம் என அறியாமல் கேட்டல். பெயரும் விலையும் தெரிந்து கேட்கும் காது அவற்றையும் சேர்த்தே கேட்கும்.
5. வேறுபாடு கேட்கவில்லையெனில், விலை குறைந்ததையோ செய்நேர்த்தி மிகுந்ததையோ தெரிவு செய்தல். மீதமாகும் பணத்தை நல்ல தோல்கள், கைத்தாளங்கள், பயிற்சி ஆகியவற்றிற்குச் செலவிடலாம்.

பழைய தொகுதியை வாங்குவோர், தோலைக் கழற்றிக் கூட்டைச் சமதளமான கண்ணாடி அல்லது கல் மேசைமீது நிறுத்தி, உள்ளே ஒரு விளக்கை ஏற்றிப் பார்ப்பது வழக்கம். விளிம்பிற்கும் மேசைக்கும் இடையே ஒளி கசிந்தால் விளிம்பு சமமாக இல்லை எனப் பொருள். அத்தகைய கூடு எந்த மரத்தாலானதாயினும் சுருதியில் நில்லாது. விளிம்பை மீண்டும் வெட்டித் திருத்த இயலும் என்றாலும், அது தேர்ந்த கைவினைஞர் செய்ய வேண்டிய வேலை.

ஈரப்பதம் மிகுந்தும் குறைந்தும் மாறும் இடங்களில் அடுக்கு முறைக் கூடுகள் ஒற்றைப் பலகைக் கூடுகளைவிடப் பாதுகாப்பானவை. கூட்டின் உட்புறமும் விளிம்பும் மெருகோ மெழுகோ இடப்பட்டுள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

மேற்கண்ட ஒழுங்கில் மரத்தின் பெயர் எங்கும் முதலிடம் பெறவில்லை. அளவு, கூட்டமைப்பு, விளிம்பு, தோல் ஆகியவை முடிவான பின் எஞ்சும் நுண்ணிய வேறுபாட்டைத் தம் காதுக்கேற்பத் தெரிவு செய்யும் இடத்திலேயே மர வகை வருகிறது. தேர்ந்த கலைஞர்கள் பலர் ஒரு குறிப்பிட்ட மரத்தையே விரும்பி வாசிப்பதுண்டு. அவ்விருப்பம் மதிக்கத்தக்கது, ஆயினும் அவர்களுடைய ஒலிக்கு அவர்களுடைய கைகளும் சுருதி சேர்க்கும் திறனுமே முதற்காரணம்.

இவற்றையும் பார்க்கவும்

- டிரம் தொகுதி
- ஸ்னேர் டிரம்
- மிருதங்கம்
- யங் குணகம்
- சைட்டீஸ் உடன்படிக்கை